கோளரங்கத்தில் சூரியனை மெதுவாக மறையவிடுங்கள்

கோளரங்கங்களை நடத்துவோருக்கும், அவற்றுக்கு நிகழ்ச்சி தயாரிப்போருக்கும், நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதும் மடல்.

வணக்கம்.

என் மகன் மூன்று வயதில் உங்கள் கூடங்களுள் ஒன்றில் அலறி அழுதான். எந்த ஊர், எந்தக் கோளரங்கம் என்று எழுதப்போவதில்லை. அன்று நடந்தது அந்த ஓர் இடத்தின் குறை என்று நான் நினைக்கவும் இல்லை. கோளரங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உரியது, மழலைகள் அங்கே தவறி வந்துவிட்டவர்கள் என்ற எண்ணம் பல இடங்களில் இருக்கிறது. அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வானம் பார்க்க ஒரு கருவி உண்டு. அது பூந்திக் கரண்டி. 2019 டிசம்பர் 26 காலையில் கங்கண சூரிய கிரகணம் வந்தபோது எங்கள் தெருவில் பாதி வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளை முற்றத்துக்கு அழைத்துப்போய், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, கரண்டியை வெயிலில் பிடித்தேன். சிமெண்டுத் தரையில் விழுந்த ஒளிப்புள்ளி ஒவ்வொன்றும் கடித்த அப்பளம் போலப் பிறையாக இருந்தது. கரண்டியில் எத்தனை துளையோ அத்தனை சூரியன். அவள் குனிந்து அவற்றை எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் எண் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

தம்பியைக் கோளரங்கத்துக்கு அழைத்துப்போக முடிவு செய்ததும் அதே கரண்டியை எடுத்தேன். அறையை இருட்டாக்கிவிட்டுக் கரண்டிக்குக் கீழே கைபேசி விளக்கைப் பிடித்தால் கூரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள். கரண்டியைத் திருப்பினால் வானம் சுற்றும். ஒரு வாரம் இரவுதோறும் இதுதான் எங்கள் விளையாட்டு. அவன் அதற்குப் "பூந்தி நட்சத்திரம்" என்று பெயர் வைத்தான்.

உங்கள் கருவியும் இந்தக் கரண்டியின் உறவுதானே. ஆளை உள்ளே உட்காரவைத்து, துளையிட்ட பெரிய கோளத்தையே சுழற்றலாம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். குவிமாடம் அசையாமல் இருக்கட்டும், நடுவில் இருக்கும் ஒளிக்கருவி சுழலட்டும் என்று அதைத் தலைகீழாக மாற்றியவர் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனப் பொறியாளர் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட். 1923 அக்டோபரில் மியூனிக் அருங்காட்சியகத்தில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். நடுவே விளக்கு, சுற்றிலும் துளையிட்ட மெல்லிய தகடுகள், வெள்ளைக் குவிமாடத்தில் ஏறத்தாழ 4,500 நட்சத்திரங்கள். இதைப் படித்த நாளில் நான் பட்ட மகிழ்ச்சியை என் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது.

அன்று கூடத்துக்குள் நுழைந்தவுடன் அவனும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தான். வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்து, "பெரிய இட்லிச் சட்டி மூடி" என்றான். நாற்காலி மடங்கும் வகை. பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளை உட்கார்ந்தால் அது அவனையும் சேர்த்து மடித்துக்கொள்கிறது. என் காலை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு உட்காரவைத்தேன். பிறகு ஒரே நொடியில் எல்லா விளக்குகளும் அணைந்தன. அடுத்த நொடி இடிபோல் ஓர் ஓசை. அண்டம் பிறந்ததைச் சொல்லும் படமாம். தலைக்கு மேலே நெருப்புப் பிழம்பு ஒன்று எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. பக்கத்தில் இருக்கும் அம்மாவின் முகம்கூடத் தெரியாத இருட்டில், மடங்கும் நாற்காலியில், மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றியிருக்கும்? அவன் கத்தினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் கத்தின.

டார்ச் விளக்கோடு ஒருவர் வந்தார். "அம்மா, குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. இருட்டில் படி தெரியாமல், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினேன். வெளியே வந்து ஐந்து நிமிடத்தில் அவன் அழுகை ஓய்ந்தது. தண்ணீர் குடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போது பூந்தி நட்சத்திரம் வந்திருக்குமா? உள்ளே போகலாம் அம்மா" என்றான். கதவருகே போய்க் கேட்டேன். ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி அனுமதி இல்லை என்றார்கள். விதி அப்படி. நிகழ்ச்சி முடியும்வரை வெளிப்படியில் உட்கார்ந்திருந்தோம். மகளும் என் கணவரும் வெளியே வந்ததும் அவன் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, நட்சத்திரம் வந்ததா என்பதுதான்.

காசு கொடுத்து வந்த மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அழுகையோடு அந்தப் படத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்காது. அழுகிற பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் அழாமலிருக்கும் விதமாக இருட்டைக் கொண்டுவர வழி இருக்கிறது. அதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை எங்கள் வீட்டு மொட்டைமாடியில், இன்னொரு முறை ஒரு கோளரங்கத்திலேயே.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து வயலில் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வர மூன்று வாரத்துக்கு மேலானது. அதற்குள் 23ஆம் தேதி கார்த்திகை தீபம் வந்தது. அந்த ஆண்டு எங்கள் தெருவில் இருந்த வெளிச்சமெல்லாம் அகல் வெளிச்சம்தான். டிசம்பர் தொடக்கத்தில் நிலவும் தேய்ந்துவிட்டது. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் மாலையிலேயே மாடியில் பாய் விரித்துவிடுவோம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது, பின்னால் தம்பி கோளரங்கத்தில் அழுத அதே வயது.

அவளுக்கு இருட்டு படிப்படியாக வந்தது. முதலில் கொக்குகள் கூட்டமாகத் திரும்பின. பிறகு நின்றிருந்த மரங்கள் கறுத்தன. பிறகு எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் குரலாக மட்டும் ஆனார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு நட்சத்திரம், இன்னொன்று, அப்புறம் எண்ண முடியாமல். கிழக்கே கார்த்திகைக் கூட்டம். இரவு எட்டு மணி வாக்கில் வேட்டைக்காரன் மண்டலம் முழுவதுமாக மேலே வந்துவிடும். அதன் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றையும் என் மாமியார் கலப்பை என்பார். பக்கத்தில் சிவந்து தெரிந்ததைத் திருவாதிரை என்று காட்டினார். எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருந்த அவள், என் விரலை ஒரு கையாலும் பாட்டியின் விரலை ஒரு கையாலும் பிடித்திருந்தாள். இருட்டு என்று ஒருநாளும் அழவில்லை. கூரையை இழந்தவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த நாட்கள் அவை. அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று சொல்ல என் நாக்கு எழாது. ஆனாலும் அத்தனை நட்சத்திரங்களை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

நம் ஊரில் சூரியன் மறைந்து முழு இருட்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கண்ணும் அப்படித்தான். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முழுவதும் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க விளக்கைச் சட்டென்று அணைத்து உடனே நட்சத்திரத்தைக் காட்டுவதால் யாருக்கு என்ன பயன்? பெரியவர்களுக்கும் பாதி நட்சத்திரங்கள்தான் தெரியும். குழந்தைக்கு அதோடு பயமும் சேர்கிறது.

இரண்டாவது அனுபவம் 2024 மே மாதத்தில். எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொரு பேரோடு வேனில் போனோம். இது வேறு கோளரங்கம். மகன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். கதவுக்குப் பக்கத்திலேயே உட்காரலாம், எழுந்து போகலாம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனேன். அன்று ஏதோ கோளாறு, படம் ஓடவில்லை. பணம் திருப்பித் தருவார்களோ என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே விளக்கம் சொல்லும் இளைஞர் ஒருவர் ஒலிவாங்கியோடு முன்னால் வந்து நின்றார். படம் இல்லாவிட்டால் என்ன, நட்சத்திரக் கருவி இருக்கிறது என்றார்.

"எந்த ஊர்ப் பிள்ளைகள் நீங்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். "சரி, நீடாமங்கலத்தில் இப்போது சாயங்காலம் ஆறு மணி. சூரியன் எந்தப் பக்கம் மறையும், கை காட்டுங்கள்" என்றார். பதினொரு கைகள் பதினொரு பக்கம் நீண்டன. அவர் சிரிக்கவில்லை. குவிமாடத்தின் ஓரத்தில் சூரியனை மெல்ல இறக்கினார். செவ்வானத்தைச் சற்று நேரம் அப்படியே நிறுத்திவைத்தார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. "முதல் நட்சத்திரத்தை யார் கண்டுபிடிக்கிறீர்கள் பார்ப்போம்" என்றார். கூடம் மங்க மங்கப் பிள்ளைகள் அமைதியானார்கள். பயத்தால் வந்த அமைதி அன்று, தேடுகிற அமைதி. என் மகன் என் மடியிலிருந்து இறங்கி நாற்காலியில் மண்டியிட்டு, "அதோ" என்றான். அவன்தான் முதலில் பார்த்தான் என்று அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இடையில் ஒரு குழந்தை சிணுங்கியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஓரத்துச் செவ்வொளியைச் சற்றுக் கூட்டினார். குழந்தை அடங்கியதும் மறுபடி குறைத்தார். பதிவு செய்த குரலால் இதைச் செய்ய முடியாது. எதிரே இருப்பவர்களைப் பார்த்துப் பேசும் மனிதர் ஒருவரால்தான் முடியும். எல்லாம் இருபத்தைந்து நிமிடம்தான். ஒரு பிள்ளையும் அழவில்லை. இதற்காக அந்தக் கோளரங்கம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவு செய்யவில்லை.

வளையத்தோடு சனி வந்தபோது பின் வரிசையில் ஒரு சிறுமி "திருநள்ளாறு" என்று சொல்லிக் கைகூப்பினாள். அந்த இளைஞர், "ஆமாம், அதே சனிதான். சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகும். உன் தாத்தா பிறந்த பிறகு அது இரண்டு முறை சுற்றியிருக்கும்" என்றார். அந்தச் சிறுமி வீடு திரும்பும்வரை தாத்தாவின் வயதைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இந்த இடத்தில் நிகழ்ச்சி எழுதுவோரிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். டெல்டாப் பிள்ளைகளுக்குக் கோள்களின் பெயர்கள் புத்தகத்திலிருந்து வருவதில்லை. திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கஞ்சனூர், திருநள்ளாறு என்று பஸ் நிறுத்தங்களாக வருகின்றன. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆலங்குடியில் குருப்பெயர்ச்சி அன்று கூட்டம் சாலைவரை நிற்கும். பேசத் தொடங்கும் வயதிலேயே குரு, சுக்கிரன், சனி என்று சொல்லும் பிள்ளைகள் இவர்கள். இப்படி ஒரு கூட்டம் வேறு எந்தக் கோளரங்கத்துக்குக் கிடைக்கும்? கோயிலோடு வாதிடவும் வேண்டாம், கோயில் கதையையே சொல்லவும் வேண்டாம். தெரிந்த பெயரிலிருந்து தொடங்கி, வானத்தில் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு நாளில் சுற்றுகிறது என்று காட்டினால் போதும்.

கும்பகோணம் மகாமகம் ஏன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது? வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு ஆகிறது என்பதால்தான். அது சிம்ம ராசிக்குத் திரும்பி வரும்போது, மாசி மாத முழுநிலவு மக நட்சத்திரத்தின் அருகே நிற்கும். 2016 பிப்ரவரி 22 அன்று என் மகள் கைக்குழந்தை. அவள் அப்பாவின் தோளில் உட்கார்ந்து மகாமகக் குளத்தைப் பார்த்தாள். அடுத்தது 2028இல். அதற்குள் வியாழன் ஒரு சுற்றை முடிக்கிறது, அவள் பெரியவளாகிறாள். எட்டு வயதாகியிருக்கும் அவள் தம்பிக்கு அது முதல் மகாமகம். அந்த ஆண்டுக்காகவாவது, வியாழன் நகர்ந்து நகர்ந்து மக நட்சத்திரத்தை நெருங்குவதைக் குவிமாடத்தில் காட்டும் சிறு நிகழ்ச்சி ஒன்றை இப்போதே தயாரிக்கத் தொடங்குங்கள்.

இன்னொன்று, எங்கள் வானத்தைக் காட்டுங்கள். முதன்முதலாகச் செய்த ஸைஸ் கருவியால் மியூனிக் வானத்தை மட்டும்தான் காட்ட முடிந்ததாம். அடுத்து வந்த கருவிதான் உலகின் எந்த ஊர் வானத்தையும் காட்டக் கற்றுக்கொண்டது. அப்படிக் கற்றும் ஏறக்குறைய நூறாண்டு ஆகிறது. மியூனிக்கில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், பாதிக்கும் சற்று மேலே நிற்கும். தஞ்சாவூரில் கையை நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கி வடக்கே அடிவானத்தில் வைத்தால் முஷ்டிக்குச் சற்று மேலே அது இருக்கும். ஒரு மாமரம் மறைத்துவிடும் உயரம். வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேசவைத்துக் காட்டும்போது, பிள்ளை வீட்டுக்கு வந்து வடக்கே அண்ணாந்து தேடுகிறது. குவிமாடத்தின் அடியோரத்தில் நகரத்துக் கட்டடங்களை வரைந்து வைக்கிறீர்களே, அந்த இடத்தில் ஒருநாள் தென்னையும் வைக்கோல் போரும் பெரிய கோயில் விமானமும் இருக்கட்டும். தரை எங்கே என்று தெரிந்துவிட்டால் சிறு பிள்ளைக்கு விழுகிறோமோ என்ற பயம் வராது. விண்கலத்தில் பாய்ந்து திரும்பும் காட்சிகளில் பெரியவர்களுக்கே தலை சுற்றுகிறது. உடம்பு அசையவில்லை, கண் மட்டும் அசைவதாகச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பாய்ச்சல் எதற்கு?

ஆகவே நான் கேட்பது மாதம் ஒரு காலைக் காட்சி. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்றே. அரை மணிக்கு மேல் வேண்டாம். நேரில் ஒருவர் பேச வேண்டும், ஒலி தணிவாக இருக்க வேண்டும், சூரியன் மெதுவாக மறைய வேண்டும், வெளியே போன தாய் பிள்ளையோடு திரும்பி வரலாம் என்று இருக்க வேண்டும். முன்னால் இடமிருந்தால் ஜமக்காளம் விரித்துவிடுங்கள். நாற்காலியைவிடப் பிள்ளைகளுக்குத் தரைதான் பிடிக்கும். குளிரூட்டியைச் சற்றுக் குறைத்து வையுங்கள். பால் கொடுக்க ஒரு மறைவிடமும், கூடத்துக்கு அருகிலேயே கழிப்பறையும் இருந்தால் போதும். ஐந்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்ற பலகை உள்ள இடங்களில், அந்த ஒரு நாளுக்காவது அதைக் கழற்றி வையுங்கள்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை; பிறகு உளுந்து, பயறு. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் குடும்பமாகக் கிளம்பக் கையில் காசும் நேரமும் இருக்கும் காலம். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குப் பயணமே அரை நாள். காற்றடைத்து நிறுத்தும் கூடாரக் கோளரங்கங்கள் பள்ளிகளுக்குப் போகின்றன என்று தெரியும். அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் அதைக் கொண்டுவந்தால் அவர்கள் தவழ்ந்து உள்ளே போய்த் தரையில் படுத்துப் பார்ப்பார்கள். வெயிலில் அதற்குள் புழுங்கும், அதனால் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு வரும் என்னைப் போன்ற பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உள்ளே போகுமுன் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். கைபேசியை அணைத்துப் பைக்குள் போடுங்கள். உங்கள் திரை வெளிச்சம் சுற்றியுள்ள அத்தனை பேருடைய கண்ணையும் மறுபடி முதலிலிருந்து பழகவைக்கிறது. பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வரும் மே மாதம் எங்கள் தெருவிலிருந்து மறுபடி வேன் கிளம்புகிறது. பதினான்கு பிள்ளைகள், அவர்களுள் ஆறு பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். மிகச் சிறியவளுக்கு ஒன்றரை வயது. எந்தக் கோளரங்கத்தில், எந்த நாளில் இவர்களுக்குச் சூரியனை மெதுவாக மறையவைக்க முடியும் என்று உங்களுள் யாராவது அறிவித்தால் அங்கே வருகிறோம். என் மகன் பூந்திக் கரண்டியையும் எடுத்து வந்து அந்தப் பெரிய கருவிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்கிறான். அதற்கு அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நீடாமங்கலம் பக்கத்துத் தாய் ஒருத்தி